கரைக்கு யாரும் போவதில்லை

இருளாயியின் வீட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் நாற்பத்திரண்டு மீட்டர். மூன்று தடவை ஆட்கள் வந்து நாடா பிடித்து அளந்து சொன்ன கணக்கு இது. அதற்கு முன்பு அவளுக்குத் தெரிந்ததெல்லாம், நிறைகுடத்தோடு ஏறினால் பலா மரத்தடியில் ஒரு தடவை மூச்சு வாங்க வேண்டும் என்பதுதான்.

தொண்ணூற்று மூன்றில் டேம் நிரம்பியபோது தேயிலைத் தோட்டத்தின் கீழ்மலை முழுவதும் தண்ணீருக்குள் போனது. அவள் கொழுந்தெடுத்த ஏழாம் நம்பர் மலையும் அதில் அடக்கம். தண்ணீருக்கு மேலே மிஞ்சிய சரிவு விமலசூரிய மாத்தயா என்ற சிங்களக் கிராமத்துக்காரருக்குச் சொந்தமாக இருந்தது. நாலு வருஷம் கழித்து அவர் அதைப் பதினைந்து பேர்ச்சஸ் துண்டுகளாக வெட்டி விற்றார். இருளாயியின் புருஷன் ஐயாவு தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக்காரர். முழங்கால் வீங்கி வேலையை விட்டபோது வந்த சேமலாபக் காசு அப்படியே அந்தத் துண்டுக்குப் போனது. இரத்தினபுரியில் நொத்தாரிசின் முன்னால் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது ஐயாவு கேட்டார், "புள்ள, இனிமே கூரை ஒழுகுனா யாருகிட்ட போய்ச் சொல்றது?"

"என்கிட்ட சொல்லுங்க" என்றாள் இருளாயி.

அப்படித் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் பதினொரு குடும்பம். ஒரு அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு விறாந்தை. பின்பக்கம் தண்ணீர் வரைக்கும் சரிவு. சரிவில் பூசணி, மரவள்ளி, பீன்ஸ். மண்ணில் வெட்டிய பதினெட்டுப் படி. படி முடிகிற இடத்தில் துணி துவைக்க ஒரு கருங்கல். அந்தக் கல்லை நாலு பேர் சேர்ந்து உருட்டிக் கொண்டுவந்து போட்டார்கள். குளிப்பது, துவைப்பது, குடிக்க எடுப்பது எல்லாம் அங்கேதான். குழாய்த் தண்ணீர் வரும் என்று எல்லாத் தேர்தலிலும் சொன்னார்கள்.

மகள் தனுஜாவைக் கேகாலைப் பக்கம் றப்பர் பெக்டரியில் வேலை செய்யும் யோகராஜுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வாடகை அறையில் இருந்தார்கள். வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் பார்த்துக்கொண்டிருந்ததால் அறையைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அதனால் இரண்டாயிரத்து ஐந்தில் இருளாயி வீட்டோடு ஒட்டி இன்னொரு அறைக்கு அத்திவாரம் போட்டாள். அடுத்த வருஷம் சுவர் இடுப்பளவுக்கு எழும்பியது. செங்கல் அரிந்தது ஐயாவு, மண் சுமந்தது அவள். அந்த அறை முடிந்தால் மகள் வந்துவிடுவாள். அதற்குமேல் அவளுக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருஷம்தான் அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது.

நீர்த்தேக்கத்தின் கரைக்கு ஒரு திட்டம் போடப் போகிறார்களாம். கரையோரக் காணிக்காரர்கள் எல்லோரும் வந்து கருத்துச் சொல்ல வேண்டுமாம். கடிதம் சிங்களத்தில் இருந்தது. பதினொரு வீட்டிலும் சிங்களம் பேசாத ஆள் கிடையாது. ஆனால் வாசிக்க, எழுதத் தெரிந்தவள் இருளாயி ஒருத்திதான். சின்ன வயதில் கிராமத்துச் சிங்களப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை போனவள். தமிழ் எழுதச் சொன்னால்தான் தடுமாறுவாள்.

கூட்டம் கிராமத்துச் சனசமூக நிலையத்தில் நடந்தது. எதிர்க்கரையில் விடுதி கட்டியிருந்த கொழும்பு மாத்தயா, பாலத்தடியில் கடை வைத்திருக்கும் கபூர் நாநா, கிராமத்து ஆட்கள் இருபது பேர், பதினொரு வீட்டுக்காகவும் இருளாயி. கந்தோரிலிருந்து ஒரு மிஸ் வந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. பெரிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவிட்டுப் பேசினாள்.

"இந்தத் திட்டத்தை நாங்கள் போடப் போவதில்லை. நீங்கள்தான் போடப் போகிறீர்கள். நீங்கள் சொல்வதை நாங்கள் கோடாகப் போடுவோம், அவ்வளவுதான்."

இருளாயிக்கு அது புதிதாக இருந்தது. முப்பது வருஷம் தோட்டத்தில் வேலை செய்தவளிடம் எந்த மலையில் எந்தக் கன்று நட வேண்டும் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கூட்டம் முடிந்து ஒரு பெட்டிஸும் தேத்தண்ணியும் கொடுத்தார்கள். பெட்டிஸை லேஞ்சியில் சுற்றி ஐயாவுக்குக் கொண்டுபோனாள். கூடவே பதினொரு படிவம்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய விறாந்தையில் எல்லோரும் கூடினார்கள். படிவத்தில் கேள்விகள் சின்னவைதான். கரைக்கு எத்தனை தடவை போகிறீர்கள்? எதற்காக? எந்த நேரத்தில்? கரையில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

இருளாயி கேள்வியைத் தமிழில் சொல்லி முடிக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தங்கம்மா குறுக்கே விழுந்தாள்.

"துணி தொவைக்கிறேன்னு மட்டும் எழுதிறாதீங்க அக்கா. சவுக்காரத் தண்ணிய டேம்ல கலக்குறாங்கனு புடிச்சுக்குவானுங்க."

"குளிக்கிறதுனு எழுதவா?"

"நீங்க குளிக்கிறத ஏன் அக்கா கவுருமெண்டுக்குச் சொல்றீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வீட்டு ஷாமிளா மட்டும் சிரிக்கவில்லை. அவள் புருஷன் விடிகாலையில் தூண்டில் போடுகிறவன். இரண்டாயிரத்தில் ஒரு நாள் டோர்ச் லைட்டோடு கரையில் நின்றவனை அணைக்கட்டுக் காவலில் இருந்தவர்கள் பிடித்துப்போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். டேமுக்குப் பக்கத்தில் ஒரு தமிழனுக்கு இருட்டில் என்ன வேலை என்று கேட்டார்களாம். மீன் என்று சொன்னதை நம்பவில்லை. இப்போது சண்டை மறுபடி ஆரம்பித்து, அணைக்கட்டின் மேல் மணல் மூட்டை திரும்ப ஏறியிருந்தது.

"எந்த நேரம்னு வேற கேக்குறாங்களா?" என்றாள் ஷாமிளா. "அக்கா, எங்க வூட்டுக்கு ஒண்ணும் எழுதாதீங்க. கும்புட்டுக் கேக்குறேன்."

ஐயாவு விறாந்தைத் தூணில் சாய்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு எதுக்கு இம்புட்டு மண்டைய ஒடைக்கிறீங்க? யாரும் போறதில்லனு எழுது. கதை முடிஞ்சிச்சு."

அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. லயத்துப் பின்பக்கம் கம்பு நட்டுப் பீன்ஸ் போட்டிருப்பார்கள். தோட்டத்தை நடத்தும் தொர வந்து பிரம்பால் காட்டி, இது யாருடைய தோட்டம் என்று கேட்பார். "யாருதும் இல்லீங்க தொர. தானா மொளைச்சது." கம்பில் தும்புக் கயிறு கட்டி வரிசையாக ஏறி நிற்கிற பீன்ஸ், தானாக முளைத்தது. தொரைக்கும் தெரியும், கணக்கப்பிள்ளைக்கும் தெரியும். யாருடையதும் இல்லை என்றால் பிடுங்க ஆள் அனுப்ப மாட்டார்கள். என்னுடையது என்று சொன்னவனுடையதைத்தான் மறுநாள் பிடுங்குவார்கள். மூன்று தலைமுறையாக அவர்களுக்குப் பீன்ஸ் கிடைத்தது இந்த ஒரு பதிலால்தான்.

இருளாயி கொஞ்சம் யோசித்தாள். அந்த மிஸ் நல்ல மாதிரி. ஆனால் நல்ல மாதிரியான தொரைமாரும் இருந்திருக்கிறார்கள். ஷாமிளா முகத்தைப் பார்த்தாள். பேனாவை எடுத்தாள்.

கரைக்கு யாரும் போவதில்லை. கரையில் எங்களுக்கு ஒன்றும் இல்லை. வட்ட வட்டமான அழகான சிங்கள எழுத்தில் பதினொரு தடவை எழுதினாள். அவரவர் கையெழுத்தோ பெருவிரலோ வைத்தார்கள். தேத்தண்ணி குடித்தார்கள். ஒரு வேலை நல்லபடியாக முடிந்த மாதிரிதான் கலைந்து போனார்கள்.

படிவங்களைக் கபூர் நாநாவின் கடையில்தான் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். அவர் மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன இருளாயி இது? ஒருத்தரும் போறல்லயா? அப்ப தெனமும் அந்தப் பக்கமா சத்தம் போட்டுக் குளிக்கிறது ஜின்னு பேயா?"

"நீங்க என்னா நாநா எழுதினீங்க?"

"நான் எல்லாத்தையும் எழுதின. குளிக்கிற, ஏனம் கழுவுற, அஞ்சு நேரமும் தொழ வுழூ எடுக்கிற. வாழை ஆறு மரம் ஈக்கி, அதையும் போட்ட."

"ஒங்களுக்குப் பரவால்ல நாநா. கடைக்காரரு. எங்கள மாதிரியா?"

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினார். படிவங்களை வாங்கி இறப்பர் பட்டி போட்டு வைத்தார். பிற்பாடு இருளாயிக்கு அடிக்கடி ஞாபகம் வந்தது அந்த இறப்பர் பட்டிதான். அது விழும்வரை மாற்றி எழுதுவது அவள் கையில் இருந்தது.

மறுவருஷம் சித்திரை கழிந்து, கிராம சேவகர் கந்தோரில் வரைபடம் தொங்கியது. கரையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். மக்கள் புழங்கிப் பாவிக்கிற கரை பச்சை. அங்கே தண்ணீரிலிருந்து முப்பது மீட்டர்தான் ஒதுக்கு. அதற்கு மேலே வீடு, தோட்டம், குளிக்கிற இடம் எல்லாம் இருக்கலாம், கூட்டியும் கட்டலாம். யாரும் பாவிக்காத கரை சிவப்பு. அங்கே நூறு மீட்டர் மரம் நட்டுக் காப்பு வலயம். அதற்குள் ஏற்கெனவே இருக்கிற வீட்டை இடிக்க மாட்டார்கள். ஆனால் கரைக்கு இறங்கக் கூடாது, ஒரு கல் கூட்டக் கூடாது, கூரை மாற்றக் கூடாது, பேர் மாற்றி எழுதவும் முடியாது.

கொழும்பு மாத்தயாவின் விடுதிக் கரை பச்சை. கபூர் நாநாவின் கடைக்குப் பின்னால் இருந்த துண்டும் பச்சை. அதை ஒட்டி நீளமாக ஒரு சிவப்பு. அதில் பதினொரு சின்னச் சதுரம். நாலாவது சதுரம் தன்னுடையது என்று இருளாயி விரலால் எண்ணிக் கண்டுபிடித்தாள்.

ஆட்சேபனை சொல்ல முப்பது நாள் கொடுத்திருந்தார்கள். அவள் மூன்றாம் நாளே பஸ் ஏறித் திட்டம் போட்டவர்களின் கந்தோருக்குப் போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் அதே மிஸ். அடையாளம் கண்டுகொண்டு நாற்காலி போட்டாள்.

"மிஸ், நாங்கள் எழுதியது பொய்" என்றாள் இருளாயி சிங்களத்தில். வேறு விதமாகச் சொல்லலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தாள். வாயில் வந்தது இதுதான். "நாங்கள் தினமும் போகிறோம். குடிக்கிற தண்ணீரே அதுதான்."

மிஸ் கோப்பைத் திறந்து பதினொரு படிவத்தையும் மேசையில் பரப்பினாள். "இந்த எழுத்து யாருடையது?"

"என்னுடையது."

"எல்லாமே?"

"எல்லாமே."

"ஏன் அக்கே இப்படி எழுதினீர்கள்?"

பீன்ஸ் கதையை இருளாயி சொல்லிப் பார்த்தாள். சிங்களத்தில் அது சரியாக வரவில்லை. தொரையை ஏமாற்றின கதை மாதிரி வந்தது. ஷாமிளா புருஷன் கதையை அவள் சொல்லவில்லை. அதைக் கந்தோரில் சொல்ல முடியாது.

மிஸ் படிவங்களைத் திரும்ப அடுக்கினாள். "முதல் சொன்னது பொய், இப்போது சொல்வதுதான் உண்மை என்று நான் எழுதினால் மேலதிகாரிகள் ஏற்க மாட்டார்கள். நானே வந்து பார்க்கிறேன். கரையைப் பாவிக்கிற அடையாளம் இருந்தால் படம் பிடித்து அறிக்கை வைக்கலாம். செவ்வாய்க்கிழமை வருகிறேன். பாதை காட்ட நீங்கள் காலையில் இங்கே வந்துவிடுங்கள்."

திங்கட்கிழமை அந்தியில் இருளாயி வீடு வீடாகச் சொன்னாள். மிஸ் வருகிறாள், கரையைப் பார்க்க வருகிறாள், நாம் புழங்குவதைப் பார்த்தால் மாற்றி எழுதுவாள். எல்லோரும் தலையாட்டினார்கள். ஐயாவு மட்டும் கேட்டார், "ஜீப்புலயா வாறாங்க?"

"ஆமா."

"படம் புடிப்பாங்களா?"

"புடிப்பாங்க."

 விடியுமுன் அவள் முதல் பஸ்ஸைப் பிடித்தாள்.

ஜீப் திரும்பி வந்து பலா மரத்தடியில் நின்றபோது மணி பதினொன்று. இறங்கிய இருளாயிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சரிவு பங்களாவின் முன்பக்கம் மாதிரி இருந்தது. பூசணிக் கொடியைக் காணோம். பீன்ஸ் கம்பைக் காணோம். பதினெட்டுப் படியையும் மண் போட்டு நிரவி, மேலே புல்லுக் கரணை வெட்டிப் பதித்துத் தண்ணீரும் தெளித்திருந்தார்கள். கீழே துவைகல் இல்லை. தண்ணீர் விளிம்பில் ஒரு சவுக்காரக் கடதாசி கூட இல்லை. பதினொரு வீட்டு ஆட்களும் தலைவாரிப் பொட்டு வைத்து விறாந்தைகளில் நின்றார்கள். ஐயாவு வெள்ளைச் சாரம் கட்டியிருந்தார்.

பெரிய தொர வருகிறார் என்றால் லயத்தில் இதைத்தான் செய்வார்கள். வாசல் கூட்டி, கோழிக்கூட்டை மறைத்து, ஆட்டை மலைக்கு ஓட்டி, கொடியில் கிடக்கிற துணியை எடுத்துவிடுவார்கள். சுத்தமாக இருக்கிற லயத்தைப் பார்த்தால் தொரைக்கு மனசு இளகும், கேட்டதைச் செய்வார் என்று ஒரு நம்பிக்கை.

"கல்லு எங்க?" என்றாள் இருளாயி தமிழில், உதட்டை அசைக்காமல்.

"தண்ணிக்குள்ள தள்ளிட்டோம்" என்றார் ஐயாவு. குரலில் ஒரு பெருமை இருந்தது. "நாலு பேரு. இந்த முழங்காலோட நானும் புடிச்சேன். அசிங்கமா கெடந்துச்சே புள்ள. மிஸ் பாத்தா என்னா நெனைப்பாங்க? எடத்த ஒழுங்கா வச்சிருக்கவங்கனு தெரியட்டும்."

மிஸ் சரிவில் இறங்கிப் பார்த்தாள். கமராவைத் தூக்கினாள், இறக்கினாள். இருளாயி பின்னாலேயே ஓடி, படி இருந்த இடத்தில் குந்தி உட்கார்ந்து, புல்லுக் கரணையைக் கையால் பெயர்க்கத் தொடங்கினாள். "இங்கேதான் மிஸ். படி இருக்கிறது. பாருங்கள், அடியில் இருக்கிறது." இரண்டு கரணை வந்தது. அடியில் ஈர மண். மூன்றாவதைப் பெயர்க்கும்போது நகம் மடங்கியது.

"அக்கே, எழும்புங்கள்" என்றாள் மிஸ் மெதுவாக. "நான் கண்டதைத்தான் எழுதலாம்."

தங்கம்மா கோப்பையும் தட்டமுமாக வந்து நின்றாள். மிஸ் நின்றபடியே தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, நல்லாயிருக்கிறது என்று சொன்னாள். ஜீப் போன பிறகும் விறாந்தையில் நின்றவர்கள் உள்ளே போகவில்லை. இருளாயியின் முகத்தை வைத்துத்தான் அவர்களுக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

அன்றைக்கு அவள் ஐயாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். சோற்றைப் போட்டுவிட்டு, "முழங்கால் எப்புடி?" என்று கேட்டாள்.

"வலிக்குது" என்றார்.

ஆறு மாதத்தில் வலயத்தின் எல்லைக்குக் கொங்கிறீட் தூண்கள் நட்டார்கள். தூண் வரிசை வீட்டுக்கு மேலே, ரோட்டோரம் வந்தது. வீடுகள் எல்லாம் வலயத்துக்குள். பூசணி இருந்த இடத்தில் கும்புக் மரக் கன்றும் மூங்கிலும் நட நாட்கூலிக்கு ஆள் கேட்டார்கள். ஷாமிளாவும் தங்கம்மாவும் போனார்கள். இருளாயியும் இரண்டு நாள் போனாள். வேலை வேலைதான். குழி ஒன்றரை அடி, தூரம் எட்டு அடி. கன்று நடுவது அவளுக்குப் புதிதில்லை.

குளிக்கவும் தண்ணீர் எடுக்கவும் கபூர் நாநா தன் துண்டு வழியாகப் போகச் சொன்னார். "அது பச்சை, ஒருத்தரும் கேக்கிறல்ல" என்றார். குடத்தோடு கால் மைல் சுற்று.

இரண்டாயிரத்து எட்டு ஐப்பசியில் கேகாலை வீட்டுக்காரர் அறையைப் பூட்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். தனுஜா எட்டு மாதச் சூலோடு யோகராஜையும் ஒரு மெத்தையையும் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினாள். போக வேறு இடமும் இல்லை. இடுப்பளவுச் சுவருக்கு மேலே நாலு கம்பு நட்டு, யோகராஜ் நீலத் தாரப்பாய் ஒன்றை இழுத்துக் கட்டினான். பக்கத்துக்கு உரச்சாக்கு. கட்டிலும் மெத்தையும் அங்கே. முதல் நாள் படுத்து எழும்பி, "அம்மா, காத்து நல்லா வருது" என்று சிரித்தாள் தனுஜா.

வலயத்துக்குள் ஏதாவது கூடியிருக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துப் பதிய அஜந்தன் என்று ஒருவன் வருவான். நிவித்திகலப் பக்கத் தோட்டத்துப் பையன்களில் படித்து வேலைக்கு வந்தவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். மோட்டார் சைக்கிளை நிறுத்தியதுமே நீலத் தாரப்பாய் அவன் கண்ணில் பட்டுவிட்டது.

"என்னா அக்கா இது? அத்திவாரம்னுதானே பொத்தகத்துல இருக்கு?"

"அறை."

"ஆளு இருக்காங்களா?"

இருளாயி அவனுக்கு நேராக நின்றாள். "இருக்காங்க. எழுதிக்கங்க தம்பி. எம்மக, மருமகன். அடுத்த மாசம் ஒண்ணு பொறக்கும், அதையும் சேத்து எழுதுங்க."

அஜந்தன் பேனாவைத் திறக்கவில்லை. சாக்கை விலக்கி உள்ளே பார்த்தான். கட்டிலில் உட்கார்ந்திருந்த தனுஜா எழும்பப் பார்த்தாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வெளியே வந்தான்.

"அக்கா, நான் எழுதினா பதினாலு நாளுல ஒடைக்கச் சொல்லிக் கடிதம் வரும். சொவரையும் சேத்து. ஒடைக்கலனா அவங்களே ஆளக் கூட்டிட்டு வருவாங்க."

"நெசத்த எழுதுங்க. இந்தத் தடவ நெசத்தத்தான் சொல்றேன்."

"நெசம்தான். எனக்குத் தெரியுதே." அவன் ஹெல்மட்டைக் கையில் மாற்றிக்கொண்டான். "எழுதாம விட்டா புள்ள பொறக்குற வரைக்குமாவது இந்தச் சொவரு நிக்கும். பழைய அத்திவாரம், யாரும் இல்லனு போட்டுக்கிறேன். ஆனா படம் வேணும். வெள்ளிக்கெழமை கமராவோட வாறேன். அதுக்குள்ள தாரப்பாய், கட்டில், மெத்தை ஒண்ணும் இருக்கக் கூடாது. சாக்கும்தான்."

"மழை காலம் தம்பி."

"ஒரு நாளைக்குத்தான் அக்கா. நான் போனதும் கட்டிக்கங்க. அடுத்த மாசமும் வருமுன்ன சொல்லி அனுப்புறேன்."

அவள் அவன் விலக்கிய சாக்கை இழுத்துச் சரியாக்கினாள். அவன் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

வியாழக்கிழமை பின்னேரம் யோகராஜ் முடிச்சுகளை அவிழ்த்தான். ஒன்று இறுகியிருந்ததால் கத்தி கேட்டான். கயிறை வெட்டாதே, திரும்பக் கட்ட வேண்டும் என்று ஐயாவு பல்லால் கடித்து அவிழ்த்தார். கட்டிலைக் குசினிக்குள் குறுக்காக வைத்தார்கள். அதற்குப் பிறகு அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஆள்தான் நிற்கலாம். தனுஜா கட்டிலில் சாய்ந்தபடியே தேங்காய் துருவினாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அஜந்தன் வருவதாகச் சொல்லியிருந்தான். ஒன்பதரைக்கு மழை தொடங்கியது. பத்தானது, பதினொன்றானது. திறந்து கிடந்த அறையின் மண் தரை முதலில் கறுத்தது, பிறகு குழம்பியது, பிறகு நாலு மூலையிலும் தண்ணீர் நின்றது. யோகராஜ் இரண்டு தடவை எழும்பி, "கட்டிறவா மாமி? மழைக்குள்ள அந்தாளு எங்க வரப் போறாரு?" என்று கேட்டான்.

"வந்துட்டா?" என்றாள் இருளாயி.

அவன் உட்கார்ந்தான். சுவரின் மேல் வரிசையில் சுடாத கல் ஒன்று கரைந்து சிவப்பாக வழிந்தது. பன்னிரண்டரைக்கு ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டு நாலு பேரும் தலையைத் தூக்கினார்கள். அது நிற்காமல் பாலத்துப் பக்கம் போனது. ஐயாவு மடித்த தாரப்பாயை மடியிலேயே வைத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். இருளாயி குசினிக்குள் போய், கட்டிலைச் சுற்றிப் பக்கவாட்டாக நகர்ந்து, சோற்றை வடித்தாள்.